சிரினோ பார்க்காத படம்

மெக்சிகோவின் தெற்குக் கடற்கரையில் இருக்கும் எங்கள் லோமா பர்தாவில் யாருமே கறுப்பு கிடையாது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், மாநிறம் என்பார்கள். கரிச்சட்டி நிறத்தில் இருப்பவரும் மாநிறம், என்னைப் போல இரண்டு கரிச்சட்டி நிறத்தில் இருப்பவளும் மாநிறம். கறுப்பு என்பது எப்போதும் உப்பங்கழிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். அங்கே போய்க் கேட்டால் அவர்கள் எங்களைக் கை காட்டுவார்கள். இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குப் படம் எடுக்கும் ஆசையே வந்தது.

நான் நெரெய்தா. மக்காச்சோளம் அரைக்கும் மில் வைத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் தலைநகரத்திலிருந்து நாலு பேர் வந்து, ஆறு வாரம் தங்கி, எங்கள் மீனையெல்லாம் தின்று தீர்த்து, எப்படிப் படம் பிடிப்பது, எப்படி வெட்டி ஒட்டுவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு கேமராவையும் ஒரு புரொஜெக்டரையும் விட்டுப் போனார்கள். கற்றுக்கொள்ள வந்த பதினாலு பேரில் கடைசியில் மிஞ்சியது நானும் பள்ளிக்கூட வாத்தியார் புல்மாரோவும்தான். புல்மாரோ பேசினால் முதுகுக்குப் பின்னால் கரும்பலகை இருப்பது போலவே இருக்கும். ஆனாலும் லேப்டாப்பில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவதில் கெட்டிக்காரர்.

பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம் ஓடுகிற படங்கள் மூன்று எடுத்தோம். எல்லாம் எங்கள் ஆட்களைப் பற்றியவைதான். முதல் படத்தில் ஒரு பெண்ணின் ஒழுகுகிற சமையலறையை அவளைக் கேட்காமலே காட்டிவிட்டோம். அவள் ஒரு வருடம் என் மில்லுக்குச் சோளம் கொண்டுவரவில்லை. எதிரில் பார்த்தால் எச்சில் துப்பிவிட்டுப் போவாள். அதன் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டோம். படத்தில் வருகிற ஆள் முதலில் தன்னைத் திரையில் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினால்தான் அந்த முகம் வெளியே போகும். வேண்டாம் என்றால் வெட்டிப் போட்டுவிடுவோம்.

நாலாவது படம் தேசிய கீதத்தைப் பற்றியது. எங்கள் கடற்கரையை விட்டு வேலைக்கு வடக்கே போகிற ஆண்களைச் சோதனைச் சாவடியில் குடியேற்ற அதிகாரிகள் பஸ்ஸிலிருந்து இறக்குவார்கள். மெக்சிகோவில் ஏது கறுப்பன், நீ எந்த நாட்டிலிருந்து திருட்டுத்தனமாக வந்தாய் என்பார்கள். அடையாள அட்டையைக் காட்டினால் போலி என்பார்கள். மெக்சிகோக்காரன் என்றால் தேசிய கீதம் பாடு பார்க்கலாம் என்பார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது இப்படி ரோட்டோரமாக நின்று பாடியிருக்கிறார். அத்தனை பேரும் ஊருக்குத் திரும்பி வந்து அதை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொல்வார்கள். புல்மாரோ பத்துச் சரணமும் பாடினாராம். அதிகாரிகள் கையெடுத்துக் கும்பிட்டு, வாத்தியாரே போதும், பஸ்ஸில் ஏறுங்கள் என்றார்களாம்.

இந்தக் கதையில் ஊரையே சிரிக்க வைத்தவர் என் அண்ணன் சிரினோ. அவரை இறக்கிப் பாடச் சொன்னார்கள். இரண்டாவது சரணத்தில் வரி மறந்துவிட்டதாம். நீ ஹோண்டுராஸ்காரன் என்று சொல்லி முப்பது பேரோடு வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். தெருவோரக் கடையில் ஒரு பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். அவள் தண்ணீரைக் கொடுத்தபடியே, மெக்சிகோவிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று கேட்டாளாம். "சொந்த நாட்டுக்காரனுக்குப் பாட்டு பாடியும் தெரியல, அவளுக்கு ஒரு வாய் தண்ணி கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு" என்று அண்ணன் சொல்லும்போது கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் திரும்பி வந்து சேர ஏழு வாரம் ஆனது. அந்தக் கதையை ஊர் பதினோரு வருடமாகக் கேட்டுச் சிரித்தது.

செப்டம்பரில் ஒரு காலை, உப்பங்கழிக் கரையில் இருக்கும் ஓலைக் கொட்டகையில் அவரை உட்கார வைத்தேன். ஆளை நிழலில் உட்கார வை, வெயில் முகத்தைத் தின்றுவிடும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வலையைத் தைத்துக்கொண்டே பேசுங்கள் என்றேன். அவர் முதலில் வழக்கமான கதையைத்தான் ஆரம்பித்தார். பாட்டு வந்த இடத்தில் ஊசி நின்றது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வேறொரு கதையைச் சொன்னார்.

வரி மறக்கவில்லை என்றார். வாரா வாரம் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கொடிக்கு முன்னால் நின்று பாடிய பாட்டு எப்படி மறக்கும். முதல் சரணம் ஒழுங்காகப் பாடியிருக்கிறார். இரண்டாவதில் அழுகை வந்து குரல் அடைத்துவிட்டது. அவர்கள் சிரித்தார்கள், தெரியவில்லை பார் என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கால்சட்டையிலேயே போய்விட்டது. எங்கள் அண்ணன், ஆறடி உயரம், ஒற்றை ஆளாகப் படகைக் கரைக்கு இழுத்துப் போடுகிறவர். அதைச் சொல்லிவிட்டு ஊசியை வலையில் குத்தி வைத்தார். அவர் சொன்னது கேமராவில் அப்படியே இருக்கிறது: "இத வெக்கறதா வேணாமான்னு பாத்துட்டுச் சொல்றேன். முதல்ல எனக்குக் காட்டு."

நான் காட்டவில்லை. மில்லில் பெண்கள் வாளியோடு காத்திருப்பார்களே என்று ஓடினேன். மறுநாள் மில் பெல்ட் அறுந்தது. அதற்கடுத்த வாரம் அவர் படகு என்ஜினைப் பிரித்துப் போட்டார். ஒரே தெருவில் இருக்கிறோம், எங்கே போய்விடப்போகிறார் என்று இருந்துவிட்டேன். அக்டோபர் மூன்றாம் தேதி அவருடைய படகு மட்டும் திரும்பி வந்தது. வலை உள்ளேயே இருந்தது. அவர் கழற்றிய சட்டை பலகை மேல் மடித்து வைத்தபடி இருந்தது. ஊர்ப் படகுகள் எல்லாம் போய்த் தேடின. கடல் எதையும் கொடுக்கவில்லை.

உடல் இல்லாவிட்டாலும் ஒன்பது நாள் ஜெபம் நடந்தது. அண்ணி சானா வீட்டுத் தரையில் சுண்ணாம்பால் சிலுவை போட்டு, சுற்றிச் சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். ஒன்பதாம் நாள் நிழலைத் தூக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் செத்தவரைப் புதைத்தால் மட்டும் போதாது. அவருடைய நிழல் கடைசியாக விழுந்த இடத்திலேயே கிடக்கும். கட்டிலோ, ரோடோ, வயலோ, அங்கே போய் அதைக் கூப்பிட்டு, ஒரு துணியில் எடுத்து, இடுகாட்டில் கொண்டுபோய் விட வேண்டும். விடாவிட்டால் அது எங்கும் போகாமல் அலையும்.

நிழல் தூக்குவது க்ளெமென்தா அத்தையின் வேலை. மற்ற நாட்களில் ரோட்டோரத்தில் மீன் பொரித்து விற்பாள். இடுப்பு வலி, வாய் கொஞ்சம் நீளம். ஜெயில் அறையிலிருந்தும் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தும் நிழல் தூக்கியவள் அவள். கடற்கரையில் வெகுநேரம் நின்றாள். பிறகு வெறுங்கையோடு திரும்பினாள். தண்ணீரில் நிழல் நிற்காது, குனிந்து எடுக்க இடம் இல்லை, பொய்க்குத் துணி மடிக்க என்னால் முடியாது என்றாள். அதனால் சுண்ணாம்புச் சிலுவை தரையிலேயே இருந்தது. சானா அதை மிதிக்காமல் சுற்றிச் சுற்றிப் போய்ச் சமைத்தாள், சுற்றிச் சுற்றிப் போய்ப் படுத்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை. ஊரே என்னைப் பார்த்துப் பேசியது, கல் நெஞ்சுக்காரி என்று. எனக்கு அழுகை எதற்கு, அண்ணன்தான் என்னிடம் இருக்கிறாரே. தினமும் நண்பகலில் மில்லை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துவேன். புரொஜெக்டரைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பேன். வெளிச்சத்தில் மாவுத்தூள் மெதுவாக மிதக்கும். அதற்குள்ளிருந்து சிரினோ வருவார். சுவரில் பாதி, அடுக்கி வைத்த மூட்டைகளில் பாதி. அவர் வலை தைப்பார், நான் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவேன். வெளியே வெயில் வெள்ளையாக நிற்கும், கோழிகூடக் கத்தாது. சில நாள் சத்தத்தை அணைத்துவிட்டு வெறுமனே பார்ப்பேன். உப்பங்கழித் தண்ணீரின் நெளிவு அவர் கன்னத்தில் ஆடும், என் கையிலும் ஆடும். நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. இருபது நாள் இப்படிப் போயிற்று.

இருபத்தோராம் நாள் சானா மில் கதவைத் தட்டினாள். வாளி கொண்டுவரவில்லை. கதவைத் திறந்ததும் சுவரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பேசினாள்.

"நெரெய்தா, அவரு என் கனவுல வர்றாரு. தினம் மத்தியானம் கண்ணசந்தா வந்துடறாரு. மேலெல்லாம் தண்ணி. வாசல்லயே நிக்கறாரு, உள்ள வரமாட்டேங்கறாரு. போகவிட மாட்டேங்கறா, உச்சி வெயில்ல உக்கார வெச்சுப் பேசச் சொல்றான்னு ஒன்னத்தான் சொல்றாரு."

எனக்குக் கோபம் வந்தது. பகலில் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்தால் கனவு வரத்தான் செய்யும் என்று சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் திருப்பித் திட்டவில்லை. படத்தை அழித்துவிடு என்று மட்டும் சொன்னாள். முடியாது என்றேன். உங்களுக்கு அவர் புருஷன் என்றால் எனக்கு அண்ணன் இல்லையா என்றேன். அவள் தலையில் போட்டிருந்த துண்டை இழுத்து விட்டுக்கொண்டு போய்விட்டாள்.

புல்மாரோவுக்கு வேறு கவலை. நவம்பர் பதினாலாம் தேதி கறுப்பு ஊர்களின் கூட்டம். எல்லா ஊர்க்காரர்களும் வருவார்கள், எங்கள் படத்தைப் போடுவதாகப் பெயர் கொடுத்தாயிற்று. சிரினோ சம்மதம் சொல்லாமல் போய்விட்டார், விதி எல்லோருக்கும் ஒன்றுதான், அவரை வெட்டிவிட வேண்டியதுதான் என்றார். வெட்டினால் மிஞ்சுவது நாலு பேர் சிரிப்பதும் ஒரு பஸ்ஸும்தான். செத்தவர் சொன்ன கதையை வைத்துக்கொள்வதா, சம்மதம் சொல்லாததை மதிப்பதா என்று அவருக்கும் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

நான் க்ளெமென்தா அத்தையிடம் போனேன். நியாயம் கேட்கப் போகவில்லை. படத்துக்குள் நிழலும் இல்லை, கிழலும் இல்லை என்று அவள் வாயாலேயே சானாவிடம் சொல்ல வைக்கத்தான் போனேன். எண்ணெயில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு, மீனைப் புரட்டிப் போட்டாள்.

"எல்லாம் சரி. அதுல அவன் நெழல் விழுதா?"

இருபது நாள் பார்த்திருக்கிறேன், முகத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

"போய்ப் பாரு. மூஞ்சிய வெச்சு நான் என்ன பண்றது. நெழல் விழுந்திருந்தா சொல்லு, நான் எடுக்கறேன். கடலுக்கு முன்னாடி அவன் நெழல் விழுந்து மிச்சம் இருக்கற எடம் அது ஒண்ணுதான்" என்றாள்.

சானாவைக் கூப்பிடாமல் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவள் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றேன். சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள் அண்ணி என்றேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

மில்லில் இரண்டு மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு மணி நாற்பது நிமிடம், வெட்டாத படம். முதலில் அவள் துண்டால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஹோண்டுராஸ் தண்ணீர்க் கதை வந்தபோது, அவள் அறியாமலே சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் தரையைத்தான் தேடினோம், அவர் காலடியை, நாற்காலிக்குப் பின்னால். கொட்டகை நிழலுக்குள் அவர் நிழல் கரைந்து கிடந்தது, தனியாக எங்குமே இல்லை. பிறகு பாட்டு வந்தது. ஊசி நின்றது. அவர் அந்தக் கதையைச் சொன்னார்.

சானா வாயிலிருந்த துண்டை எடுத்து மடியில் மடித்து வைத்தாள்.

"பதினோரு வருஷம் ஒரே பாயில படுத்தேன். என்கிட்ட இதச் சொல்லல. ஒங்கிட்டச் சொல்லியிருக்காரு."

என்னிடம் சொல்லவில்லை, கேமராவிடம் சொன்னார் என்றேன். அது சமாதானமாக இல்லை, எனக்கும் தெரிந்துதான் இருந்தது. அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. மிச்சத்தையும் ஓட்டு என்றாள்.

மிச்சம் என்று இருந்தது நான் கேமராவை அணைக்க மறந்த துண்டு. அதில் நான் சாமான்களைப் பையில் போடுகிற சத்தம் கேட்கிறது. அண்ணன் எழுந்து, கொட்டகையை விட்டு வெயிலுக்குள் போகிறார். காலைச் சூரியன் அவருக்கு அந்தப் பக்கம். நிழல் அவரை விட்டு இறங்கி, மணலில் நீண்டு, நீண்டு, கேமராவின் கால் வரைக்கும் வருகிறது. படகருகே போய் அவர் திரும்பிப் பார்க்கிறார். வெளிச்சத்தில் முகமே தெரியவில்லை. "ஏ கருப்பி, அதுல நான் நல்லா இருக்கனா? காட்டேன்." பின்னாலிருந்து என் குரல்: "நாளைக்கு."

சானா என் கையைப் பிடித்தாள். அவள் கை ஈரமாக இருந்தது.

"அவருக்குக் காட்டாமத் தூக்கக் கூடாது, நெரெய்தா. மொதல்ல அவரு பாக்கட்டும்."

வியாழக்கிழமை மூன்று மணிக்குச் சானா வீட்டில் வைத்தோம். ஜன்னல்களில் போர்வை கட்டினோம். புதுப் படுக்கைத் துணி ஒன்றைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிக் கயிற்றில் தொங்கவிட்டோம். சுண்ணாம்புச் சிலுவைக்குப் பக்கத்தில் அவருடைய நாற்காலியைத் திரையைப் பார்த்துப் போட்டோம். ஊர் முழுக்க முற்றத்தில் காத்திருந்தது. பெண்கள் அடுப்பில் தமால் என்கிற சோளமாவுக் கொழுக்கட்டையை வேக வைத்தார்கள், ஆண்கள் காபியில் சாராயம் ஊற்றிக் குடித்தார்கள். உள்ளே யாரும் வரக் கூடாது என்று சானா சொல்லிவிட்டாள். அவர் என்ன சொன்னார் என்று ஊருக்குத் தெரியக் கூடாது, அவர் சம்மதித்தாலொழிய. உள்ளே நாங்கள் மூன்று பேர்தான். ஒரு கோழி எப்படியோ நுழைந்துவிட்டது, அதை யாரும் விரட்டவில்லை.

க்ளெமென்தா அத்தை புரொஜெக்டரைச் சந்தேகத்தோடு பார்த்தாள். எந்தப் பக்கமிருந்து சுடும் என்று கேட்டுவிட்டுத் தள்ளி நின்றாள். பிறகு அவருடைய முழுப் பெயரையும் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டாள், பக்கத்து வீட்டு ஆளைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில்தான். "வந்து ஒக்காரு. ஒன் தங்கச்சி ஒனக்கு ஒண்ணு காட்டணுமாம்" என்றாள்.

நான் ஓட விட்டேன். அறைக்குள் உப்பங்கழி வந்தது. போர்வைகள் காற்றில் உப்பின, அமுங்கின. அவர் தன் காலி நாற்காலியைப் பார்த்துப் பேசினார். பஸ், சாவடி, திங்கட்கிழமைப் பாட்டு. முற்றத்தில் பேச்சுச் சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலிருந்தது. நாற்காலி வெறும் நாற்காலிதான். ஆனாலும் அழுத இடம் வந்தபோது நான் அதைப் பார்க்கவில்லை, அவருக்கு வெட்கமாக இருக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். சானாவும் குனிந்துகொண்டாள்.

கடைசித் துண்டு வந்தது. நிழல் மணலில் நீண்டு துணியின் அடிவிளிம்புக்கு வந்ததும் அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டாள். அடியிலிருந்து துணியைச் சுருட்ட ஆரம்பித்தாள், ஏதோ முணுமுணுத்தபடி, அவசரமில்லாமல். நிழல் சுருளுக்குள் போயிற்று. மணல் போயிற்று. படகு போயிற்று. துணி மேலே போகப் போக அவர் அதற்குப் பின்னால் மண்சுவரில் விழுந்தார், பெரிதாக, கொஞ்சம் மங்கலாக. சானா கயிற்றை அவிழ்க்க எழுந்தபோது அவள் முதுகில் விழுந்தார். அவளுடைய வெள்ளை ரவிக்கையில் அண்ணன் நின்றுகொண்டு, நல்லா இருக்கனா என்று கேட்டார்.

அத்தை சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "நெழல் எங்கிட்ட வந்துடுச்சு. அது இனிமே வெறும் வெளிச்சம். அணை."

என் விரல் சுவிட்ச் மேல்தான் இருந்தது. அழுத்த வரவில்லை. சுவரில் என் குரல் நாளைக்கு என்றது. அதற்குப் பிறகு மூன்று விநாடி அவர் சும்மா நிற்கிறார், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு. அந்த மூன்று விநாடியை நான் எண்ணிக்கூட வைத்திருக்கிறேன். நல்லா இருக்கீங்க அண்ணே, என்று சொன்னேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். அழுத்தினேன். இருட்டில் கோழி மட்டும் நடந்துகொண்டிருந்தது.

சுருளை இடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஆண்கள் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள், ஆளைச் சுமப்பது போலவே. க்ளெமென்தா அத்தை அதை மண்ணுக்குள் வைத்து மூடிவிட்டு, பசிக்கிறது என்றாள். திரும்பி வந்ததும் சானா நேரே உள்ளே போய், விளக்குமாற்றை எடுத்துச் சுண்ணாம்பைக் கூட்டி அள்ளினாள்.

எல்லோரும் தமால் தின்றுகொண்டிருந்தார்கள். யாரோ அந்த ஹோண்டுராஸ் தண்ணீர்க் கதையை ஆரம்பித்தார்கள், இறந்தவர் வீட்டில் அவருடைய வேடிக்கையைச் சொல்வது வழக்கம்தான். சிரிக்க வாயெடுத்த சமயத்தில் சானா தட்டோடு நடுவில் வந்து நின்றாள்.

"அவரு வரிய மறக்கல. அழுதுட்டாரு. பயத்துல கால்சட்டை நனைஞ்சுபோச்சு. அதத்தான் அவனுங்க மறந்துட்டான்னு எழுதிக்கிட்டானுங்க."

முற்றத்தில் யாரும் மெல்லவில்லை. நான் தரையைப் பார்த்தேன். அவள் ஏன் சொன்னாள், அவர் சம்மதித்தார் என்று அந்த இருட்டு அறையில் அவளுக்கு எது சொல்லியது, எனக்குத் தெரியாது. இன்றுவரை நான் கேட்டதில்லை.

புல்மாரோ காபித் தம்ளரைக் கீழே வைத்தார். அவர் குரலில் கரும்பலகை இல்லை.

"நான் பத்துச் சரணம் பாடல. எங்கம்மா கட்டிக் குடுத்த சாப்பாட்டப் பிரிச்சு, என் முன்னாடி நின்னு தின்னுக்கிட்டே பாடச் சொன்னானுங்க. அவனுங்க தின்னு முடிக்கற வரைக்கும் பாடினேன். ஒரே சரணத்தத் திரும்பத் திரும்ப."

அடுப்போரம் நின்ற ஒரு மீன்காரர், என்னை முட்டி போட வைத்தார்கள் என்றார். அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். இன்னொருவர் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒவ்வொன்றாக வந்தது. இடையில் யாரும் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. பெண்கள் தட்டில் தமாலை வைத்துக்கொண்டே இருந்தார்கள். வெயில் சாய்ந்து எல்லோருடைய நிழலும் முற்றத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தது.

போகும்போது சானா என்னை வேலிப் பக்கம் அழைத்துப்போய், "போடு. முழுசாப் போடு. அந்தக் கடைசித் துண்டு மட்டும் வேண்டாம், அது போயிடுச்சு" என்றாள். மறுநாள் காலை மில் திறப்பதற்கு முன்னால் நான் அதை அழித்தேன். அன்றைக்கே மூன்று ஆண்கள் வந்து கேமரா முன்னால் உட்கார்ந்தார்கள். புல்மாரோ நாலாவது ஆளாக உட்கார்ந்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு.

பதினாலாம் தேதி கூட்டத்தில் கூடம் நிறைந்திருந்தது. கடற்கரையில் இருக்கும் அத்தனை மாநிறமும் வந்திருந்தது. எங்கள் படம் பன்னிரண்டு நிமிடம். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அண்ணன் வருவதற்காகக் காத்திருந்தேன். மில்லில் காத்திருந்தது போலத்தான், மடியில் கையை வைத்துக்கொண்டு.

கொட்டகை வந்தது. வலை வந்தது. ஒரு பெரிய ஆள் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நன்றாகச் சொன்னார், ஜனங்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள், பிறகு சத்தமே இல்லாமல் போனார்கள். நான் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். எழுந்து நின்றும் பார்த்தேன், பின்னாலிருந்து உட்காரச் சொல்லி அதட்டினார்கள். திரையில் துணியும் வெளிச்சமும்தான் இருந்தன. என்னோடு இருபது நாள் மத்தியானம் சாப்பிட்டவர் அங்கே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் வேறு ஊர்க்காரி. வாழைக்காய்ச் சிப்ஸ் தின்றுகொண்டே, அந்த ஆள் அருமையாகப் பேசுகிறாரே, வந்திருக்கிறாரா, ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டாள்.

"எங்கண்ணன்" என்றேன். "வரல. செத்துப்போயிட்டாரு."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. நாற்பது நாளில் ஒரு தடவைகூட நான் அதைச் சொன்னதில்லை. அழுகை அடிவயிற்றிலிருந்து வந்தது, சத்தமாக, கூடத்தில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. அந்தப் பெண் சிப்ஸ் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். திரையில் புல்மாரோ பேச ஆரம்பித்திருந்தார்.